தாய்லாந்துச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் போட்டியும் மூர்க்க ஓட்டமும்

தாய்லாந்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஒருவரையொருவர் முந்துவதற்காகவும், பிற வாகனங்களோடு இடத்துக்கும் நேரத்துக்கும் போட்டியிடுவதற்காகவும் கையாளும் ஆபத்தான ஓட்டமுறைகள் அந்நாட்டின் முதன்மையான பொதுநலச் சிக்கல்களுள் ஒன்றாகும். நள்ளிரவுத் தெருப்பந்தயம், சிக்னலில் முன்வரிசையைப் பிடித்தல், பச்சை விளக்கு எரியும் முன்பே பாய்தல், எதிர்த்திசையில் செல்லுதல், நடைபாதையில் ஏறுதல், பிறர் முன்னே வெட்டி நுழைதல், அதைத் தொடர்ந்து நடுச்சாலையில் எழும் சண்டை ஆகியவை இதில் அடங்கும். செய்தித்தாள்களும் காவல்துறையும் இவற்றுள் தெருப்பந்தயத்தைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. ஆனால் உயிரிழப்புகளில் பெரும்பகுதி பகலிலும் மாலையிலும் வேலைக்கும் வீட்டுக்கும் செல்லும் சாதாரண ஓட்டத்தில்தான் நிகழ்கிறது. பந்தயக்காரச் சிறுவனையும், மதியச் சாப்பாட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விரையும் நாற்பது வயதுக்காரரையும் ஒரே பெயரிட்டு அழைப்பது இரண்டையும் விளங்கிக்கொள்ளத் தடையாகிறது.

எண்ணிக்கையில் சிக்கலின் அளவு

உலக சுகாதார அமைப்பு 2018-இல் வெளியிட்ட சாலைப் பாதுகாப்பு அறிக்கை, 2016-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் 22,491 பேர் சாலை விபத்துகளில் இறந்ததாக மதிப்பிட்டது. இது ஒரு லட்சம் மக்களுக்கு 32.7 என்ற வீதமாகும். இறந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர், அதாவது 74 விழுக்காட்டினர், இரு சக்கர, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளில் சென்றவர்கள். அதே அமைப்பின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை 2021-க்கான மதிப்பீட்டை 18,218 என்றும் வீதத்தை 25.4 என்றும் தருகிறது. எண்ணிக்கை குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டாவது கணக்கு, பெருந்தொற்றால் சாலைகள் வெறிச்சோடிய ஓர் ஆண்டைச் சேர்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதத்தில் வரும் சொங்கிரான் புத்தாண்டையும் ஆங்கிலப் புத்தாண்டையும் ஒட்டிய நாட்களைத் தாய்லாந்து அரசு 'ஏழு அபாய நாட்கள்' என்று அறிவித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை விபத்து, எத்தனை பேர் சாவு என்று கணக்கை வெளியிடுகிறது. மிகை வேகமும் மதுவும் காரணப் பட்டியலில் முதன்மை இடங்களைப் பிடிக்கின்றன. விபத்துகளில் சிக்கும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள்கள். 2016 சொங்கிரானின்போது அந்த ஏழு நாட்களில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இந்த அறிவிப்பில் ஒரு வேடிக்கையான விளைவு உண்டு. ஆண்டுக்கு 18,218 பேர் என்றால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 பேர், வாரத்துக்கு 350 பேர். அரசின் விழாக்காலக் கணக்கும் உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை அல்ல என்பதால் இரண்டையும் நேருக்குநேர் ஒப்பிட முடியாது. ஆயினும் விழா இல்லாத ஒரு சாதாரண வாரமும் அபாய வாரத்துக்கு வெகு தொலைவில் இல்லை என்பது தெளிவு. அந்த வாரங்களுக்குத் தனிப் பெயரும் இல்லை, தினசரி அறிவிப்பும் இல்லை.

சிக்னலின் முன்வரிசை

போட்டி ஓட்டத்தைப் புரிந்துகொள்ளப் பந்தயச் சாலையைவிடச் சாதாரண நாற்சந்தியே நல்ல இடம். பாங்காக்கின் பல பெரிய சந்திப்புகளில், மூலையில் உள்ள சிறு கூண்டில் அமர்ந்திருக்கும் போக்குவரத்துக் காவலர் விளக்குகளைக் கையால் இயக்குவது நெடுங்கால வழக்கம். ஒரு பக்கத்தில் தேங்கிய கார் வரிசை தீரும்வரை அவர் அப்பக்கத்துக்குப் பச்சையைக் கொடுப்பார். மற்ற மூன்று பக்கத்தாரும் அதுவரை காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கு சில நிமிடங்கள் நீடிப்பது அங்கே புதுமை அல்ல. ஒரு பச்சையைத் தவறவிட்டவர் அத்தனை நிமிடங்களையும் வெயிலிலும் புகையிலும் கழிக்க வேண்டும்.

எனவே கார்களுக்கு இடையே உள்ள இடுக்கில் வளைந்து நெளிந்து முன்னே வருவதற்கு மோட்டார் சைக்கிள்காரருக்கு உண்மையான பரிசு கிடைக்கிறது. ஒவ்வொரு சிவப்பு விளக்கின்போதும் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் முப்பது நாற்பது மோட்டார் சைக்கிள்கள் கூடிவிடுகின்றன. பின்னால் வருபவர் கோட்டைத் தாண்டி நிற்கிறார். அடுத்து வருபவர் அவருக்கும் முன்னே, ஏறக்குறையக் குறுக்குச் சாலையிலேயே நிற்கிறார். பல சந்திப்புகளில் எஞ்சிய நொடிகளைக் காட்டும் எண்பலகை இருக்கிறது. எண் மூன்றுக்கு இறங்கியதும் இயந்திரங்கள் உறுமத் தொடங்கும். ஒன்று வருவதற்குள் முன்வரிசை பாய்ந்துவிடும். மறுபக்கத்தில் மஞ்சள் விளக்கில் கடைசியாகக் கடக்க நினைத்தவரும் அதே நொடியில் சந்திப்புக்குள் இருக்கிறார். பந்தயத்தில் கலந்துகொள்ளும் எண்ணமே இல்லாத கூட்டத்தைப் பந்தயத் தொடக்கக் கோட்டில் நிறுத்தியதுபோன்ற அமைப்பு இது.

இதில் கிடைக்கும் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தடையே இல்லாத 10 கிலோமீட்டரை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கடக்க 10 நிமிடம் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் ஏழரை நிமிடம். மிச்சமாகும் இரண்டரை நிமிடத்தை அடுத்த ஒரு சிவப்பு விளக்கே விழுங்கிவிடும். ஆக, நகருக்குள் வேகமாகப் போவதால் வரும் லாபம் மிகச் சிறியது. சிக்னலில் முன்னே நிற்பதால் வரும் லாபம் பெரியது. ஆனால் முன்னிடத்தைப் பிடிக்கும் பழக்கமும் வேகமும் ஓட்டுபவரின் மனத்தில் ஒன்றாகவே கலந்துவிடுகின்றன. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள், ஒரு நொடி தாமதம் என்று வைத்துக்கொண்டாலும், ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுகிறார். 100 கி.மீ. வேகத்தில் அது 28 மீட்டர். மோதும்போது வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடுவதால், 50-இல் மோதுவதைவிட 100-இல் மோதுவது நான்கு மடங்கு கடுமையானது.

சாலையின் அமைப்பு இன்னொரு வகை மீறலையும் வளர்க்கிறது. தாய்லாந்தின் பெருஞ்சாலைகள் நடுத்திட்டால் பிரிக்கப்பட்டவை. வண்டியைத் திருப்புவதற்கான இடைவெளிகள் தொலைவில் இருக்கின்றன. இருநூறு மீட்டர் பின்னால் உள்ள கடைக்குச் செல்ல ஒருவர் சில கிலோமீட்டர் முன்னே போய், வேகமாக வரும் கார்களும் லாரிகளும் ஓடும் வலப்பக்கத் தடத்துக்கு மாறி, திரும்பி வர வேண்டும். நூறு சிசி வண்டியில் அப்படித் தடம் மாறுவது அச்சமூட்டுவது. அதனால் சாலை ஓரமாகவே எதிர்த்திசையில் செல்கிறார்கள். சட்டத்தை மதித்துப் போவதே அதிக ஆபத்து என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. எப்போதும் அது பொய்யான எண்ணமும் அல்ல. எதிர்த்திசையில் செல்வதைத் தாய்லாந்து மொழியில் 'யோன் சோன்' என்பர். அம்புக்கு எதிராகப் போதல் என்பது அதன் பொருள். அம்பைக் குறிக்கும் 'சோன்' என்ற சொல், தமிழில் 'சரம்' என வழங்கும் அதே சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது.

முகமும் முன்பக்கமும்

சாலைச் சண்டைகளுக்கு மிகுதியாகக் காரணம் காட்டப்படும் செயல் 'பாட் நா' எனப்படுகிறது. ஒருவருடைய வண்டிக்கு முன்னால் திடீரென வெட்டி நுழைவதை இது குறிக்கும். 'நா' என்ற சொல்லுக்கு முன்பக்கம் என்றும் முகம் என்றும் இரு பொருள் உண்டு. பிறர் முன்னிலையில் மானம் இழப்பதைச் சொல்லும் 'சியா நா' என்ற தொடரிலும் இதே சொல்தான் வருகிறது. தன் முன்னே வெட்டி நுழைந்தவன் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, மதிப்பையும் எடுத்துக்கொண்டான் என்று கோபங்கொண்ட ஓட்டுநர் எண்ணுவதை இச்சொல்லிலேயே காணலாம்.

தாய்லாந்துப் பண்பாட்டில் கோபத்தை வெளிக்காட்டாமை உயர்ந்த குணமாகப் போற்றப்படுகிறது. பொறுமையை 'ஜை யென்' (குளிர்ந்த உள்ளம்) என்றும், அவசரத்தையும் முன்கோபத்தையும் 'ஜை ரொன்' (சூடான உள்ளம்) என்றும் சொல்வர். சாலையில் வழிவிடும் பண்பை 'நாம் ஜை' (உள்ளத்தின் நீர்) என்பர். இத்தகைய நாட்டில் இத்தனை மூர்க்கம் எப்படி என்று வெளிநாட்டார் வியப்பதுண்டு. அந்தப் பண்புகள் முகம் தெரிந்தவர்களுக்கு இடையே வளர்ந்தவை. அலுவலகத்திலும் அயல்வீட்டிலும் ஒருவர் யார், எவ்வளவு மூத்தவர் என்று தெரிந்த பிறகே மரியாதையின் அளவு தீர்மானமாகிறது. தலைக்கவசத்துக்குள் இருப்பவர் பெரியவரா சிறியவரா, முதலாளியா தொழிலாளியா என்று தெரிவதில்லை. அங்கே வேறொரு மரபு தலைதூக்குகிறது. ஊரில் அஞ்சாதவன், நண்பருக்காக எதையும் செய்பவன், பின்வாங்காதவன் என்று பெயரெடுத்த முரட்டு ஆணை 'நக்லெங்' என்று அழைப்பர். வசையும் பாராட்டும் ஒன்றாகக் கலந்த சொல் அது.

வண்டியின் விலையும் இந்தச் சண்டைகளில் சேர்ந்துகொள்கிறது. 2016 நவம்பரில் பாங்காக்கில் ஒரு மோட்டார் சைக்கிள், தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரின் காரில் உரசியது. அவர் இறங்கி மோட்டார் சைக்கிள்காரரை அடித்து, தன் காரின் முன்னே விழுந்து வணங்கும்படி கட்டளையிட்டார். தாய்லாந்தில் மண்டியிட்டுத் தலை தாழ்த்தும் வணக்கம் புத்தர் சிலைக்கும் துறவிகளுக்கும் பெற்றோருக்கும் உரியது. அந்தக் காணொளி பரவியதும் நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. 'என் காரை வணங்கு' என்ற அவருடைய சொற்கள் ஏளனத் தொடராகவே மாறின. அவர் வேலையையும் இழந்தார். அன்று எழுந்த கோபம் ஒரு மனிதரின் மேல் மட்டும் எழுந்ததாகத் தெரியவில்லை. காரில் இருப்பவர், மோட்டார் சைக்கிளில் இருப்பவர் என்ற பிரிவு அங்கே எவ்வளவு ஆழமானது என்பதை அது காட்டியது.

தெக் வேன்

நள்ளிரவில் பெருஞ்சாலைகளில் கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பந்தயம் விடும் இளைஞர்கள் 'தெக் வேன்' எனப்படுகின்றனர். 'தெக்' என்றால் சிறுவன். 'வேன்' என்பது சைலன்சர் கழற்றப்பட்ட வண்டி எழுப்பும் ஒலியைக் குறிக்கும் ஒலிக்குறிப்புச் சொல். நான்கு சக்கர வண்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர்களோடு பின்னிருக்கையில் செல்லும் பெண்கள் 'சகோய்' எனப்படுவர். இரண்டும் இகழ்ச்சிச் சொற்களாகவே வழங்குகின்றன. இவற்றுக்கு முன்பு வேகப் பித்தர்களைச் 'சிங்' என்ற சொல்லால் சுட்டினர். ஆங்கிலத்தின் 'ரேசிங்' என்ற சொல்லின் வாலைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மலேசியாவின் 'மாட் ரெம்பிட்', ஜப்பானின் 'போசோசோகு' ஆகிய கூட்டங்களோடு தெக் வேன் ஒப்பிடப்படுவதுண்டு. மாட் ரெம்பிட் என்ற பெயர் மலேசியத் தமிழ் நாளிதழ்களின் வாசகருக்குப் பழகியது. ஜப்பானியக் கூட்டங்கள் சீருடை, கொடி, படிநிலை ஆகியவற்றைக் கொண்ட குழுக்களாக இயங்கின. தெக் வேன் அவ்வளவு கட்டுக்கோப்பானது அல்ல. ஒரே பேட்டையைச் சேர்ந்த நண்பர்கள், ஒரே பட்டறையில் வண்டியை மாற்றியமைத்தவர்கள், இப்போது சமூக ஊடக அழைப்பைப் பார்த்து வந்தவர்கள் என்று சேர்ந்து கலையும் கூட்டம் அது. பாங்காக்கில் விபாவதி ரங்சித் சாலை, ராட்சப்ருக் சாலை, கசேத்–நவமின் சாலை போன்ற அகன்ற நேர்சாலைகள் இதற்குப் பெயர்பெற்றவை. சிறு நகரங்களில் ஊருக்கு வெளியே செல்லும் புறவழிச்சாலை இருக்கிறது.

வண்டி பெரும்பாலும் ஹோண்டா வேவ் போன்ற 110 அல்லது 125 சிசி குடும்ப வண்டியே. சந்தைக்குப் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் பெற்றோர் வாங்கியது. அதன் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவர். சைலன்சரை மாற்றுவர். எடையைக் குறைப்பதற்காகக் கண்ணாடிகளையும் மூடுதகடுகளையும் கழற்றுவர். மிதிவண்டிச் சக்கரம்போல் மெலிந்த டயர்களைப் பொருத்துவர். காற்றின் தடையைக் குறைக்க இருக்கையின்மேல் குப்புறப் படுத்து, கால்களைப் பின்னே நீட்டி ஓட்டுவர். முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவதற்கு 'யோக் லோ' என்று பெயர். இயந்திரத்தின் ஆற்றல் கூடக் கூட, சாலையைப் பற்றிக்கொள்ளும் ரப்பரின் பரப்பு குறைந்துகொண்டே போகிறது. நிறுத்தும் திறனை விற்று வேகத்தை வாங்கும் இந்த மாற்றங்களைச் செய்துதரும் பட்டறைக்காரர் பெரும்பாலும் முன்னாள் பந்தயக்காரராகவே இருப்பார்.

பந்தயம் என்றாலும் எப்போதும் பணயம் இருப்பதில்லை. யாருடைய பட்டறை சிறந்தது, யாருக்குத் துணிச்சல் அதிகம் என்பதே பல இரவுகளில் கேள்வி. ஒரு தொழிற்கூடத்திலோ கடையிலோ வேலை செய்யும் பதினெட்டு வயதுப் பையனுக்கு, ஐம்பது பேர் தன் பெயரைச் சொல்லிக் கத்தும் இடம் வேறெங்கும் இல்லை. இதைச் சொல்வது அவர்களை நியாயப்படுத்துவது ஆகாது. பந்தயத்தில் இறப்பவர்களில் வேடிக்கை பார்க்க நின்றவர்களும், அவ்வழியே வேலை முடிந்து வீடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள்.

வார இறுதிகளில் காவ் யாய் போன்ற மலைப்பகுதிகளை நோக்கிக் கூட்டமாகப் பறக்கும் விலையுயர்ந்த பெரிய மோட்டார் சைக்கிள்காரர்களை யாரும் தெக் வேன் என்று அழைப்பதில்லை. அவர்களுக்குப் 'பிக் பைக்' என்ற மரியாதையான பெயர் இருக்கிறது. அவர்களும் வேக வரம்பை மீறுகிறார்கள். ஆனால் கையுறை, மார்புக்கவசம், நல்ல பிரேக் ஆகியவை உண்டு. குற்றம் ஒன்றுதான். வண்டியின் விலையைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

வரிசையில் நிற்பவரும் செயலியில் ஓடுபவரும்

பாங்காக்கின் குறுந்தெருக்கள் 'சோய்' எனப்படுகின்றன. பல சோய்கள் நீளமானவை, மறுமுனை அடைபட்டவை. பேருந்து அவற்றுள் நுழையாது. அந்த இடைவெளியை நிரப்பத் தோன்றியதே மோட்டார் சைக்கிள் டாக்சி. 1980-களின் தொடக்கத்தில் சோய் நாம் துப்ளியில் இது தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் 2000-களில் அரசு இவர்களைப் பதிவு செய்து, எண் பொறித்த ஆரஞ்சு நிற மேற்சட்டையை வழங்கியது. தெருமுனையில் இவர்கள் நிற்கும் நிலையம் 'வின்' எனப்படும்.

வின்னில் முறை வரிசை உண்டு. முதலில் வந்தவருக்கு முதல் பயணி. தன் முறை வரும்வரை மற்றவர் சதுரங்கம் ஆடுவார், நாளிதழ் படிப்பார், தூங்குவார். பயணியைப் பிடிப்பதற்காக அங்கே ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வதில்லை. பயணியை இறக்கிவிட்டு விரைந்து திரும்பினால் வரிசையில் முன்னதாக இடம் கிடைக்கும் என்பதால் வேகத்துக்கான தூண்டுதல் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. நடைபாதையில் ஏறுவதிலும் எதிர்த்திசையில் வருவதிலும் இவர்கள் பெயர்போனவர்கள். ஆனால் தங்களுக்குள் இருந்த போட்டியை ஒரு விதியால் இவர்கள் அடக்கியிருக்கிறார்கள்.

செயலி வழியாகப் பயணிகளையும் உணவையும் ஏற்றிச் செல்லும் தொழில் வந்தபோது இந்த வரிசை உடைந்தது. செயலி ஓட்டுநர்கள் தம் எல்லைக்குள் வந்து பயணிகளை ஏற்றுவதாக வின் ஓட்டுநர்கள் சினந்தனர். பல இடங்களில் கைகலப்பு நடந்தது. செயலியில் ஓடுபவருக்குக் கிடைக்கும் வருவாய் ஆர்டர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓர் ஆர்டருக்கான தொகை குறைக்கப்படும்போது, அதே வருவாய்க்கு அவர் மேலும் சில ஆர்டர்களை அதே நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தொகைக் குறைப்பை எதிர்த்து ஓட்டுநர்கள் திரண்டு போராடியதும் உண்டு. அவருடைய போட்டியாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. கைப்பேசித் திரையில் குறைந்துகொண்டே வரும் நிமிடங்கள்தாம் தெரிகின்றன. காலையில் ஆரஞ்சுச் சட்டையோடு வரிசையில் அமைதியாக அமர்ந்திருப்பவரே மாலையில் உணவுப் பெட்டியோடு சிவப்பு விளக்கைத் தாண்டுவதும் உண்டு. மனிதர் மாறவில்லை, கூலி கொடுக்கும் முறைதான் மாறியிருக்கிறது. தாய்லாந்தில் சாலைக் கேடுகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் 'வினை' (விநயம், அதாவது ஒழுங்கு) என்ற சொல், இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

சட்டமும் நடைமுறையும்

1979-ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்துச் சட்டமே அடிப்படைச் சட்டம். அனுமதியின்றிச் சாலையில் பந்தயம் விடுவதை அது தடை செய்கிறது. 1990-களின் நடுப்பகுதியில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. இருந்தும், உலக சுகாதார அமைப்பின் 2018 அறிக்கையின்படி ஓட்டுபவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரும், பின்னிருப்பவர்களில் ஐந்தில் ஒருவருமே அதை அணிந்தனர். 15 வயது நிரம்பியவர் 110 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் பெறலாம். அதைவிடப் பெரியதற்கு 18 வயது ஆக வேண்டும். சிற்றூர்களில் பேருந்து இல்லாததால், உரிம வயதுக்கு முன்பே பிள்ளைகள் பள்ளிக்கு வண்டியில் போவது சாதாரணக் காட்சி. குடித்து ஓட்டுபவருக்கான இரத்த ஆல்கஹால் வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். 20 வயதுக்கு உட்பட்டவருக்கு அது 20 மில்லிகிராம்.

2015 ஜூலையில் இராணுவ ஆட்சியின் தலைவர், இடைக்கால அரசமைப்பின் 44-ஆம் பிரிவு தந்த அதிகாரத்தைக் கொண்டு தெருப்பந்தயத்துக்கு எதிராகத் தனி ஆணை பிறப்பித்தார். பந்தயத்துக்காகக் கூடுவதையே அது குற்றமாக்கியது. பிள்ளைகளைத் தடுக்கத் தவறும் பெற்றோரையும், வண்டிகளை மாற்றியமைக்கும் கடைகளையும் பொறுப்பாளிகளாக்கியது. அதன்பின் காவல்துறை சாலையின் இரு முனைகளையும் அடைத்து, நூற்றுக்கணக்கான வண்டிகளை ஒரே இரவில் பறிமுதல் செய்யும் காட்சிகள் தொலைக்காட்சியில் அடிக்கடி வந்தன. சைலன்சரின் ஒலி 95 டெசிபெலைத் தாண்டினால் அபராதம். பறிமுதல் செய்த சைலன்சர்களைக் குவித்துச் சாலை உருளையால் நசுக்குவதும் உண்டு. கூட்டம் அடுத்த வாரம் வேறு சாலைக்கு நகர்ந்துவிடும்.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. மிகை வேகம், சிவப்பு விளக்கை மீறுதல், நடைபயணர் கடக்குமிடத்தில் நிற்காமை ஆகியவற்றுக்கான உச்ச அபராதம் 1,000 பாட்டிலிருந்து 4,000 பாட்டாக உயர்ந்தது. தலைக்கவசம் இன்மைக்கு 2,000 பாட் வரை அபராதம் விதிக்கலாம். 2023 ஜனவரி 9 முதல் புள்ளிக் குறைப்பு முறை நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஓட்டுநருக்கும் 12 புள்ளிகள். தலைக்கவசம் இன்றி ஓட்டினால் ஒரு புள்ளியும், சிவப்பு விளக்கை மீறினாலோ எதிர்த்திசையில் சென்றாலோ இரண்டு புள்ளிகளும் குறையும். எல்லாம் தீர்ந்தால் 90 நாட்கள் வண்டி ஓட்டக்கூடாது. உரிமமே எடுக்காமல் ஓட்டிப் பழகியவருக்கு இந்தத் தடையால் அச்சம் பிறக்குமா என்பது வேறு விஷயம். நடைபாதையில் ஓட்டுவதற்கு எதிராகப் பாங்காக் மாநகராட்சி வேறொரு வழியைக் கையாண்டது. 2019-இல் அபராதத்தை 2,000 பாட்டாக உயர்த்தி, படமெடுத்துப் புகார் தருபவருக்கு அதில் பாதியைக் கொடுத்தது.

சட்டத் திருத்தம் குறித்த பேச்சுக்கு வேகம் கூட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2022 ஜனவரி 21 அன்று பாங்காக்கின் பயா தாய் சாலையில், ஒரு மருத்துவமனைக்கு எதிரே, கோடு போட்ட கடவையில் நடந்து சாலையைக் கடந்துகொண்டிருந்த 33 வயதுக் கண் மருத்துவர் மீது பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று மோதியது. அவர் இறந்தார். அவருக்காக மற்றத் தடங்களில் வண்டிகள் நின்றிருந்தன. மோதியவர் கட்டுப்பாடற்ற சிறுவன் அல்லர், பணியிலுள்ள காவலர். அந்த வண்டியில் எண்பலகை இல்லை. அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் நகரெங்கும் கடவைகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசப்பட்டது. கடக்கும் மனிதருக்காக நின்ற வண்டியைப் பின்னால் வருபவர் சுற்றிக்கொண்டு முந்தும் பழக்கம் வண்ணப்பூச்சால் எந்த அளவுக்கு மாறியது என்பதைப் பாங்காக்கில் சாலையைக் கடப்பவர்கள் நன்கறிவர்.

பந்தயத் தடங்கள்

வேக ஆர்வத்தைச் சாலையிலிருந்து விலக்கி மூடிய தடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற யோசனை தாய்லாந்தில் பலமுறை எழுந்திருக்கிறது. நாட்டின் வடகிழக்கில் உள்ள புரிராமில் 2014-இல் சாங் பன்னாட்டுப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. 2018 முதல் அங்கே மோட்டோ ஜிபி போட்டி நடக்கிறது. சோன்புரியைச் சேர்ந்த சொம்கியாத் சந்திரா 2022 மார்ச்சில் இந்தோனேசியாவின் மண்டலிகாவில் மோட்டோ 2 பந்தயத்தை வென்று, உலக கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றில் வெற்றி பெற்ற முதல் தாய்லாந்து வீரரானார். 2025-இல் மோட்டோ ஜிபி பிரிவிலேயே ஓட்டினார். அவர் சிறுவயது முதலே தடத்தில் பழகி, நிறுவனப் பயிற்சித் திட்டத்தின் வழியாக வந்தவர்.

உரிமம், பந்தய உடை, டயர், நுழைவுக் கட்டணம் என்று தடத்தில் ஓட்டுவதற்கு ஆகும் செலவு, பெற்றோரின் வேவ் வண்டியை இரவில் எடுத்து வரும் பையனுக்கு எட்டாதது. பல மாகாணங்களில் கோவில் திருவிழாவையொட்டியும் ஊராட்சி ஏற்பாட்டிலும் சிறு இழுவைப் பந்தயங்கள் நடைபெறுகின்றன. அங்கே மெலிந்த டயர் வண்டிகள் அனுமதியோடு ஓடுகின்றன. ஆண்டில் சில நாட்கள்தாம். பாங்காக்கிலிருந்து புரிராம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். விபாவதி ரங்சித் சாலையோ இரவு இரண்டு மணிக்கு வீட்டு வாசலிலேயே காலியாகக் கிடக்கிறது.